கட்டு மாற்றும்போது பாட்டு கேட்டால் வலி குறையுமா?

கேள்வி இதுதான். சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி கொட்டி, 61 வயது அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தீக்காயம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அம்மா துடித்துப் போகிறார். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே பயம், சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அங்கே காத்திருந்த ஒருவர், "பாட்டுப் போட்டு விடுங்க, வலியே தெரியாது" என்று சொன்னாராம். இதில் உண்மை இருக்கிறதா, வெறும் ஆறுதல் பேச்சா, உண்மை என்றால் எப்படிச் செய்வது என்று மகள் கேட்டிருக்கிறார்.

நான் மயக்க மருந்து கொடுக்கிற மருத்துவர். 22 ஆண்டுகளாக என் வேலையே மற்றவர்களின் வலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உண்மை இருக்கிறது. ஆனால் "வலியே தெரியாது" என்பது அதிகப்படி. வலி குறையும், பயம் அதைவிட நன்றாகக் குறையும். சிலருக்கு மருந்தின் அளவும் குறைகிறது. அவ்வளவுதான் பாட்டால் முடியும். அந்த அளவுக்கு முடிவதே சின்ன விஷயம் இல்லை.

பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். கட்டு மாற்றுவதற்கு முன் அம்மாவுக்கு வலி மருந்து கொடுக்கிறார்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. நம் ஊரில் கட்டு பிரிக்கும் அறையில் அதிகம் கேட்கிற வாக்கியம் "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, இதோ முடிஞ்சிடும்" என்பது. அதைச் சொல்கிற சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது கட்டு பாக்கி இருக்கும். ஆனால் தீக்காயத்தில் கட்டு மாற்றுவது மருத்துவத்திலேயே மிகவும் வலிக்கிற வேலைகளில் ஒன்று. அதைப் பொறுத்துக்கொள்வது அம்மாவின் கடமை இல்லை. "கட்டு மாற்றுவதற்கு முன்பே வலி மருந்து எழுதித் தர முடியுமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். விழுங்குகிற மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மேசையில் ஏறிப் படுத்தபிறகு போட்டால் வீடு திரும்பும்போதுதான் பலன் தெரியும். ஒட்டிப்போன துணியைச் சலைன் ஊற்றி நன்றாக ஊறவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் செய்துவிட்டு, அதற்கு மேல் பாட்டு. மருந்துக்குப் பதிலாகப் பாட்டு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி, காதில் போகிற ஒரு சத்தம் காலில் இருக்கிற வலியை எப்படிக் குறைக்கும்?

புண்ணிலிருந்து மூளைக்கு ஒரு கம்பி போகிறது, புண் எவ்வளவோ அவ்வளவு வலி என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல்கதவு மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது, வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மேலே போக முடியும் என்பது அதன் சாரம். கால்விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தேய்ப்பு கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. இன்னொன்று, கதவை மேலே இருந்து மூளையும் திறக்கலாம், சாத்தலாம். பயம் அதை அகலத் திறந்துவிடும். கவனம் வேறு பக்கம் போனாலோ, மனசு நிதானப்பட்டாலோ அது கொஞ்சம் மூடிக்கொள்ளும். அந்த விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னால் நிறையத் திருத்தப்பட்டன. ஆனால் மேலிருந்து கீழே கட்டளை வருகிறது என்ற அடிப்படை நின்றுவிட்டது. இன்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்குத் தருகிற வரையறையிலேயே, அது புலன் அனுபவம் மட்டும் இல்லை, உணர்ச்சி அனுபவமும்கூட என்று இருக்கிறது.

கனடாவில் 2014ல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். 12 பெண்களுக்கு அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டும் போடாமலும் கையில் சூட்டால் வலி உண்டாக்கி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாட்டு ஓடும்போது வலி குறைவாகத் தெரிந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஸ்கேனில் மூளையில் மட்டும் இல்லாமல் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் செயல்பாடு மாறியிருந்தது. அதாவது "மனசைத் தேத்திக்கிட்டாங்க" என்பதோடு விஷயம் முடியவில்லை. தண்டுவடம் வரைக்கும் ஏதோ நடக்கிறது.

பலமான வலி மருந்தான மார்ஃபின் மாதிரியான பொருள்களை நம் உடம்பு தானே சுரக்கிறது. மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2017ல், அந்தப் பொருள்கள் வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவரவருக்குப் பிடித்த பாட்டைக் கேட்கச் சொன்னார்கள். வழக்கமாகச் சிலிர்க்க வைக்கிற பாட்டு அன்றைக்கு அந்த அளவுக்கு இன்பம் தரவில்லை. பிடித்த பாட்டு தருகிற சுகமும் மார்ஃபின் தருகிற நிவாரணமும் உடம்புக்குள் ஓரளவு ஒரே பாதையில் நடக்கின்றன என்பதற்கு அது ஒரு தடயம்.

எலிகளில் நடந்த ஒன்றும் உண்டு. 2022ல் சயன்ஸ் இதழில் வந்தது. சுற்றுச் சத்தத்தைவிட வெறும் 5 டெசிபல் கூடுதலாக ஒலி கேட்கும்போது எலிகளுக்கு வலி உணர்வு குறைந்தது. இனிய இசையானாலும் சரி, காதுக்கு ஒவ்வாத ஒலியானாலும் சரி, வெறும் இரைச்சலானாலும் சரி. ஆனால் ஒலியை இன்னும் கூட்டியபோது அந்தப் பலன் இல்லை. எலிக்குத் தாலாட்டு ஞாபகம் கிடையாது, முதல் காதல் ஞாபகமும் கிடையாது, ஆகவே மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் காதிலிருந்து வலிப் பாதைக்கு ஒரு நேர் வழி இருக்கிறது என்பதை அது காட்டியது. அலற விட வேண்டியதில்லை என்பதையும் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எவன் ஓ'நீல் கேன் என்ற அறுவை மருத்துவர் 1914லேயே ஆபரேஷன் அறையில் கிராமபோன் வைப்பதைப் பற்றி மருத்துவ இதழுக்கு எழுதியிருக்கிறார். மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளி பயந்து கிடக்கிற அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் அது என்பது அவர் எண்ணம். இதே மனிதர் 1921ல், உணர்ச்சி மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு, தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தவர். விழித்திருக்கும்போது கத்தி பட்டால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட அறுவை மருத்துவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அடுத்த கதைதான் உங்கள் அம்மாவுக்கு நேரடியாக உதவும். 1960ல் வாலஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரும், ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற ஒலியறிவு ஆய்வாளரும் (பிற்காலத்தில் இணையம் உருவாக வழி போட்டவர்களில் ஒருவராக உலகம் அறிந்த அதே லிக்லைடர்தான்) இன்னொருவரும் சேர்ந்து சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல்லைக் குடையும்போது நோயாளியின் காதில் ஹெட்போன், கையில் ஒரு திருகு. சும்மா இருக்கும்போது இசை கேட்கலாம். வலி வரப்போகிறது என்று தோன்றினால், அருவி கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சலைத் திருகிக் கூட்டிக்கொள்ளலாம். 1,000 நோயாளிகளில் 65 சதவீதம் பேருக்கு வேறு எந்த மரப்பு மருந்தும் தேவைப்படவில்லை என்று எழுதினார்கள். பெரிய பரபரப்பு. இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அப்புறம் சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிப்போனது.

ஏன் என்பதற்கு ஒரு விடை 1963லேயே கிடைத்துவிட்டது. மேலே சொன்ன அதே மெல்சாக், ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொல்லிப் பரிசோதித்தார். சத்தத்தை மட்டும் கொடுத்தால் பெரிய பலன் இல்லை. "இது வலியைக் குறைக்கும்" என்று நம்பிக்கையாகச் சொல்வது மட்டும் போதவும் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் மக்கள் கையை நீண்ட நேரம் வைத்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாம் ஏமாற்று வேலைதானே" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டு ஒரு மாத்திரை இல்லை, அதைக் கொடுக்கிற விதமும் மருந்தின் ஒரு பகுதி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கார்ட்னரின் நோயாளிகள் கையில் திருகு இருந்தது. தன் வலிக்கு எதிராகத் தானே ஏதோ செய்ய முடிந்தது. கட்டு மாற்றும் மேசையில் உங்கள் அம்மாவுக்கு இல்லாமல் இருப்பது அதுதான்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2015ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பு இன்றும் அதிகம் பேசப்படுகிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 73 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 அறுவை நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் மட்டும் குறையவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு, நடுவில், பின்பு என்று எப்போது போட்டாலும் பலன் இருந்தது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொஞ்சம் பலன் தெரிந்தது, விழித்திருந்தவர்களுக்கு அதைவிட அதிகம்.

அதற்கு முன் 2006ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் என்ற அமைப்பு 51 ஆய்வுகளைத் தொகுத்தபோது இவ்வளவு உற்சாகம் இல்லை. 0 முதல் 10 வரையான அளவுகோலில் சராசரியாக அரைப் புள்ளிதான் வலி குறைந்தது என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இசை ஆய்வில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். பாட்டு கேட்கிறோமா இல்லையா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது. அதனால் இந்த எண்களை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்வேன். பத்துக்கு எட்டு வலியை இரண்டாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எட்டு ஏழாகலாம், சிலருக்கு ஆறாகலாம். முந்தின நாள் ராத்திரிப் பயம் அதைவிட அதிகமாகக் குறையலாம்.

பதற்றத்தில் ஆதாரம் இன்னும் உறுதியாக இருக்கிறது. 2019ல் அமெரிக்காவில் 157 நோயாளிகளை வைத்து, நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடுவதற்கு முன், பாதிப் பேருக்குப் பதற்றம் தணிக்கிற மிடசோலம் மருந்தை ரத்தக்குழாயில் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு மூன்று நிமிடம் அமைதியான இசை. இரண்டு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் திருப்தி என்று கேட்டபோது மருந்து வாங்கியவர்களே அதிகத் திருப்தியாக இருந்தார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த நோயாளிகளுக்குத் தரப்படவில்லை. வெளிச்சத்தம் வராத ஹெட்போன் மாட்டியிருந்ததால் டாக்டர் சொல்வதும் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பாடங்கள், இரண்டும் அம்மாவுக்கு வேண்டியவை: பாட்டு அவருடையதாக இருக்க வேண்டும், காது முழுக்க அடைபடக் கூடாது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷனில், யேல் பல்கலைக்கழகமும் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் 2005ல் இன்னொன்றைப் பார்த்தன. தூங்குவதற்கான மருந்தைத் தேவைப்பட்ட அளவு தாங்களே பொத்தானை அழுத்திப் போட்டுக்கொள்ளும்படி நோயாளிகளிடம் விட்டார்கள். பாட்டு கேட்டவர்கள் குறைவாக அழுத்தினார்கள். வெறும் இரைச்சல் கேட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மனிதர்களிடம் வந்ததும் எலிக்கதை மாறிவிடுகிறது பாருங்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோட்டில், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி நோயாளிகள் 78 பேரை வைத்துச் செய்து 2006ல் வெளியிட்டார்கள். சினிமாப் பாட்டு, கர்நாடக இசை, பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாட்டு, வாத்திய இசை என்று விரித்து வைத்து, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மயக்க மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. வெளிநாட்டு ஆய்வுகளில் பாதி "மெல்லிய பியானோ" என்று தாங்களே முடிவு செய்துகொண்டு தொடங்கும். இவர்கள் நோயாளியைக் கேட்டார்கள் என்பதற்காகவே எனக்கு இந்த ஆய்வின் மேல் மதிப்பு.

கேட்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் தியேட்டரில் ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்க வீணை இசை ஓடவிட்டோம். அமைதியாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்ததுதான். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவர், முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் நாடித்துடிப்பு ஏறி, வியர்த்துக் கொட்ட, "யாராவது பெரிய தலைவர் செத்துட்டாரா டாக்டர்?" என்று கேட்டார். தலைவர்கள் இறந்தால் ரேடியோவில் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு நாள் கணக்கில் சோக வாத்திய இசை போடுவார்களே, அவர் காதில் அதுதான் விழுந்திருக்கிறது. ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு சாவு இசை. உடனே நிறுத்தினோம். உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துத் தத்துவப் பாட்டைச் சொன்னார். செல்போனில் தேடிப் போட்டேன். இரண்டாவது சரணத்தில் நாடி எண்பதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கேட்காமல் எதையும் போட்டதில்லை.

இந்த இடத்தில் ராகம் பற்றி ஒரு வார்த்தை. முத்துசாமி தீட்சிதர் தன் சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர நவக்கிரகக் கீர்த்தனைகளைப் பாடினார் என்ற கதை நம்மிடம் உண்டு. குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையம் என்று ஒன்றையே நடத்தினார். அந்த நம்பிக்கைகள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு இந்த ராகம், மூட்டு வலிக்கு அந்த ராகம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற பட்டியலை வைத்து அம்மாவுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்காதீர்கள். நீலாம்பரியில் தூக்கம் வருவது உண்மைதான், அந்த ராகத்தில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு. மாண்ட்ரியலில் 2023ல் 63 பேரிடம் நடந்த ஆய்வும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. ஆய்வாளர்கள் தந்த நிதானமான இசையைவிட, அவரவர் கொண்டுவந்த பிடித்த பாட்டு வலியை அதிகம் குறைத்தது. அதே பாட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டபோது அந்தப் பலன் போய்விட்டது. இனிப்பும் கசப்பும் கலந்த, நெஞ்சைத் தொடுகிற பாட்டுகள் கூடுதலாக உதவின. ஆகவே அம்மா ஒரு சோகப் பாட்டைக் கேட்டால் "இப்போ போய் இதா?" என்று மாற்றிவிடாதீர்கள்.

தீக்காயத்துக்கென்றே செய்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் நடந்தது, 2010ல் வெளியானது. 29 நோயாளிகள். இசைச் சிகிச்சையாளர் ஒருவர் கூட இருந்தார். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, நேரத்துக்கு ஏற்ப இசையின் வேலையை மாற்றியதுதான். கட்டு பிரிப்பதற்கு முன்பும் பின்பும் நிதானமான இசை, கண்ணை மூடிப் பிடித்த இடத்தை நினைத்துக்கொள்வது. கட்டு பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது சும்மா கேட்பது இல்லை. சேர்ந்து பாடுவது, தாளம் போடுவது, வார்த்தையை நிரப்புவது. வலி உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மூளைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வலியும் பதற்றமும் தசை இறுக்கமும் குறைந்தன. இசைச் சிகிச்சையாளருக்கு நம்மூர் மருத்துவமனையில் எங்கே போவது? மகள் இருக்கிறீர்களே.

இனி நடைமுறை. இன்றைக்கே அம்மாவிடம் உட்கார்ந்து பாட்டு கேளுங்கள். "எது பிடிக்கும்?" என்றால் "எதுவானாலும் சரிடி" என்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி ரேடியோவில என்ன கேப்பே?" என்று கேளுங்கள், கொட்டும். பத்துப் பன்னிரண்டு பாட்டுச் சேருங்கள். மெதுவானவை முதலில், கூடப் பாடத் தோன்றுகிறவை நடுவில், திரும்பவும் மெதுவானவை கடைசியில். மெதுவானது என்றால் நிதானமாக நடக்கிற வேகம், நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளம். அவரைத் துக்கத்துக்கு இழுத்துப் போகிற ஞாபகம் ஏதாவது ஒரு பாட்டோடு ஒட்டியிருக்கலாம், அப்பா இறந்த நேரத்தில் வீட்டில் ஓடியது மாதிரி. அதை மட்டும் கேட்டு விலக்குங்கள்.

பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் நேராகப் போட்டால், துணி தோலோடு பிரிகிற நேரத்தில் பாட்டு நின்று விளம்பரம் அலறும். நான் பார்த்திருக்கிறேன், நோயாளி தூக்கிவாரிப் போட்டு காலை இழுத்தார். போனை ஃபிளைட் மோடில் வையுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள், மற்ற காது சிஸ்டர் சொல்வதற்கு. அந்த அறையில் வேறு நோயாளிகள் இருப்பார்கள் என்பதால் ஸ்பீக்கரில் போட வேண்டாம். இயர்போன் அம்மாவுக்கென்று தனியாக இருக்கட்டும், போனையும் அதையும் புண் பக்கத்தில் வைக்காதீர்கள். சத்தம், பக்கத்தில் நின்று பேசினால் காதில் விழுகிற அளவு.

மேசைக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதே, பெயர் கூப்பிடுவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பு ஆரம்பியுங்கள். அம்மாவின் பயம் அந்தப் பெஞ்சில்தான் ஏறுகிறது. சத்தத்தைக் கூட்டுகிற குறைக்கிற பொத்தான் அம்மா கையில் இருக்கட்டும், கார்ட்னரின் திருகு ஞாபகம் இருக்கிறது இல்லையா? துணியை எடுக்கும்போது நீங்களும் தலைமாட்டில் நின்று, அவரோடு வரியைச் சொல்லுங்கள். பாட வெட்கப்பட்டால் உங்கள் உள்ளங்கையில் விரலால் தாளம் தட்டச் சொல்லுங்கள். "போதும், கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல ஒரு கைச்சைகையை சிஸ்டரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிஸ்டர்கள் மறுக்க மாட்டார்கள். நோயாளி இறுகாமல் படுத்திருந்தால் அவர்கள் வேலையும் சீக்கிரம் முடியும். கனடாவில் எட்மன்டனில், கையில் ஊசி ஏற்றும்போது 42 குழந்தைகளுக்கு இசை போட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், இசை ஓடிய நேரத்தில் ஊசி ஏற்றுவது சுலபமாக இருந்தது என்று பணியாளர்களே சொன்னார்கள்.

குழந்தைகள் என்றதும் ஒன்று. வீட்டில் யாருக்காவது ஊசியோ தையலோ என்றால், சின்னக் குழந்தைக்குப் பதிவு செய்த பாட்டைவிட அம்மாவோ பாட்டியோ பாடுவது மேல். நியூயார்க்கில் தொடங்கி 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் பெற்றோருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக மாற்றி நேரில் பாடிப் பார்த்தார்கள், 2013ல் வெளியிட்டார்கள். குழந்தைகளின் இதயத்துடிப்பு நிதானமானது, பெற்றோரின் மனஅழுத்தமும் குறைந்தது. சுருதி சேர வேண்டும் என்பதே இல்லை.

எங்கே கவனம் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. அறைக்குள் சொந்த இயர்போனோ போனோ கொண்டுபோகவே கூடாது, காந்தம் இழுத்துவிடும். அங்கே காற்றுக்குழாயில் சத்தம் வருகிற தனி ஹெட்போன் சில இடங்களில் இருக்கும், கேளுங்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே செய்கிற பரிசோதனைகளில் சத்தம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். அறை முழுக்க டாக்டர்களுக்காக ஓடுகிற பாட்டு வேறு சங்கதி. பிரிட்டனில் 20 ஆபரேஷன்களைப் படம் பிடித்துப் பார்த்தபோது, பாட்டு ஓடிய இடங்களில் ஒருவர் கேட்டதைத் திரும்பக் கேட்க வேண்டி வருவது ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது என்று 2015ல் எழுதினார்கள். காது கேட்கும் கருவி போட்டிருப்பவர், குழப்ப நிலையில் இருக்கிற முதியவர், சத்தமே எரிச்சலூட்டுகிற நிலையில் இருப்பவர் ஆகியோரிடம் வற்புறுத்த வேண்டாம். அம்மாவே "இன்னிக்கு வேணாம்" என்றால் கழற்றிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்ல முடிவதும் அவர் கையில் இருக்கிற திருகுதான்.

ஒவ்வொரு முறையும் கட்டு முடிந்ததும், "பத்துக்கு எவ்வளவும்மா வலிச்சது?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள், பாட்டுப் போட்ட நாளா, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்பதோடு சேர்த்து. மூன்று நான்கு முறை எழுதினாலே எது உதவுகிறது என்று தெரிந்துவிடும். பாட்டும் மாத்திரையும் இருந்தும் எண் ஏழு, எட்டிலேயே நின்றால், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள், இன்னும் பலமான மருந்து கொடுக்கலாம், அவசியமானால் லேசான மயக்கத்தில் கட்டு மாற்றவும் வழி இருக்கிறது. குறைந்துகொண்டே வந்த எண் திடீரென ஏறினாலோ, புண்ணில் நாற்றமோ, சுற்றிச் சிவப்போ, காய்ச்சலோ வந்தாலோ அடுத்த கட்டு வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். அது பாட்டால் தீர்கிற வலி இல்லை.